விலங்குகளைக் காப்போர் கவனத்திற்கு: உங்கள் முகநூல் பக்கமும் இணையத்தளமும் யாருடைய பெயரில் இருக்கின்றன?

கல்லடியில் ஒரு வாடகை வளவில் கட்டாக்காலி நாய்களையும் பூனைகளையும் பராமரித்துவரும் ஐந்து பேர் நாங்கள். எங்களுக்கு நேர்ந்தது, மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதே பணியைச் செய்யும் இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முகநூல் பக்கமும் இணையத்தளமும் இல்லாத காலத்தில், அயலவர் தரும் சோற்றையும் சந்தையில் கிடைக்கும் மீன்தலைகளையும் நம்பியே இருந்தோம். பக்கமும் தளமும் வந்தபின், ஏறாவூரிலோ களுவாஞ்சிக்குடியிலோ வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கும் நாயின் படமும் இடமும் உடனே எங்களுக்கு வந்து சேர்ந்தன. குட்டிகளின் படங்களைப் பார்த்து, வளர்க்க விரும்பியோர் வீடு தேடி வந்தார்கள். தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006 முதல் நாட்டில் இருப்பதால், அவை பெருகாமலிருக்கக் கருத்தடையும், விசர்நோய் பரவாமலிருக்கத் தடுப்பூசியும் தேவை; இரண்டுக்கும் பணம் வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் வாழும் உறவுகள் அதை மாதந்தோறும் அனுப்பினார்கள். மிருக வைத்தியரின் பற்றுச்சீட்டையும் தையல் ஆறிய நாயின் படத்தையும் தவறாமல் பதிவிட்டதால் வந்த நம்பிக்கை அது.

பக்கத்தையும் இணையத்தளத்தையும் அமைத்துத் தந்தவர் இத்தொழிலைச் செய்யும் ஒருவர். கேட்ட கூலியை முழுமையாகக் கொடுத்தோம். ஆனால் அவர் டொமைனை, அதாவது இணையத்தளத்தின் முகவரியை, தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துகொண்டு, முகநூல் பக்கத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, எங்களுக்குப் பதிவிடும் அனுமதியை மட்டும் தந்திருந்தார். பதிவிட முடிந்ததால், பக்கம் எங்களுடையது என்றே நினைத்திருந்தோம். அடுத்த ஆண்டு டொமைனைப் புதுப்பிக்கப் பல மடங்கு பணம் கேட்டார். அதற்கான பற்றுச்சீட்டைக் கேட்ட அன்றிரவே பக்கத்திலிருந்து நாங்கள் ஐவரும் நீக்கப்பட்டோம், இணையத்தளமும் முடங்கியது.

அதைவிடக் கொடியது அடுத்த வாரம் நடந்தது. ஒரு காலை இழந்து, எங்களிடம் தேறி, ஆரையம்பதியில் ஒரு குடும்பத்தோடு நலமாக வாழும் மணி என்ற நாயின் பழைய படம், "இன்றிரவு அவசரச் சத்திரசிகிச்சை" என்ற வேண்டுகோளோடும் நாங்கள் அறியாத ஒரு வங்கிக் கணக்கிலக்கத்தோடும் அதே பக்கத்தில் வந்தது. "மணிக்கு என்ன நடந்தது தம்பி?" என்று டொரன்டோவிலிருந்து ஓர் அக்கா அழுதபடி தொலைபேசியில் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரியவந்தது. அவர் அதற்குள் பணம் அனுப்பிவிட்டார். அந்தக் கணக்கு யாருடையது என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, பணம் கொடுக்குமுன் டொமைன் உங்கள் அமைப்பின் பெயரிலும் அமைப்பின் மின்னஞ்சலிலும் பதியப்படுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். முகநூல் பக்கத்தை உங்களில் ஒருவரே தொடங்கி, இன்னொருவருக்கும் முழுக் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டு, வேலை செய்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள். தெரிந்த பிள்ளை என்பதற்காக எழுத்தில் எதையும் கேட்காமல் விட்டோம். எங்கள் பெரிய பிழை அதுதான்.

பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளோம். பழைய பக்கத்தில் காணப்படும் கணக்கிற்குப் பணம் அனுப்பியவர்கள், வங்கிச் சீட்டின் பிரதியைத் தயவுசெய்து எங்களுக்குத் தாருங்கள். முறைப்பாட்டோடு இணைக்க வேண்டும்.