நேப்பிள்ஸில் தங்குவதா, சொரெண்டோவிலா?

தெற்கு இத்தாலிக்குப் போக பொம்பேயி, காப்ரி, அமால்ஃபி என்று பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் சொரெண்டோவில் அறை எடுத்துவிட்டு, நேப்பிள்ஸுக்கு ஒரே ஒரு பகலை ஒதுக்குவார்கள். சொரெண்டோ அமைதியான ஊர். காப்ரிக்குப் படகில் அரை மணிதான். நேப்பிள்ஸிலிருந்து 50 நிமிடம். அமால்ஃபி பஸ்ஸும் சொரெண்டோவிலிருந்தே கிளம்புகிறது. பொம்பேயிக்கு எந்தப் பக்கமிருந்து போனாலும் சிர்கும்வெசுவியானா ரயிலில் 30, 40 நிமிடம்.

ஆனால் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் நேப்பிள்ஸிலேயே தங்குங்கள். ராத்திரிதான் காரணம். அந்த ஊர் எட்டரை மணிக்கு மேல்தான் சாப்பிட உட்காரும். பேர்போன பீட்சாக் கடைகளில் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை தெருவில் நிற்க வேண்டும். சொரெண்டோ ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நள்ளிரவு வரை ஓடவும் ஓடாது. கடைசி வண்டியை நினைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது பெரிய தண்டனை.

பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாமே என்றால், இந்தப் பீட்சா அதற்குத் தோதுப்படாது. 485 டிகிரி விறகடுப்பில் 60 முதல் 90 வினாடிதான் வேகும். நடுவில் மெலிசு, ஈரம் அதிகம். அட்டைப் பெட்டிக்குள் அதன் ஆவியிலேயே ஊறி, கொஞ்ச நேரத்தில் ரப்பராகிவிடும். மதியம் முடித்துக்கொள்ளலாம்தான். அப்படியானால் பிஞ்ஞசெக்கா சந்தையில் கூம்புத் தாளில் தரும் பொரித்த மீனுக்கு வயிற்றில் இடம் இருக்காது. ஞாயிறன்று பழைய பீட்சாக் கடைகள் சில திறப்பதில்லை. தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஒரே பகல் என்று வைத்து, அது ஞாயிறிலோ செவ்வாயிலோ விழுந்தால் இந்த இரண்டில் ஒன்று காலை வாரிவிடும்.

சைவர்கள் கவனிக்க: மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூட இல்லை. இனிப்புதானே என்று ஸ்ஃபொல்யாதெல்லாவை நம்பி வாங்காதீர்கள். அடுக்கடுக்காக இருக்கும் 'ரிச்சா' வகையில் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு சேரும். தராலி என்ற மிளகு போட்ட வளையப் பிஸ்கட்டும் அப்படியே.

பழைய நகரத்தில் அறை எடுத்தால் சாப்பாடு வாசலிலேயே. கூடவே ஸ்கூட்டர் சத்தமும், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியும் வரும். தூக்கம் முக்கியம் என்றால் குன்றின் மேலிருக்கும் வொமெரோ பகுதி. இழுவை ரயிலில் சட்டென்று இறங்கிவிடலாம், அதுவும் எத்தனை மணிவரை ஓடும் என்று அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது ஓட்டுபவரின் கண்ணைப் பார்த்து ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். பாதியில் தயங்கி நின்றால்தான் வண்டிக்காரர் குழம்புவார்.

வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட வந்தால் சொரெண்டோ பக்கமே தராசு சாயக்கூடும். ஐந்து இரவு இருந்தால் மூன்றை நேப்பிள்ஸுக்கும் இரண்டை சொரெண்டோவுக்கும் பிரிக்கலாம். ஊர் மாறும் நாளில் பெட்டிகளோடு நெரிசலான சிர்கும்வெசுவியானா ரயிலில் ஏறாதீர்கள்; பையில் கைவிடுபவர்களுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மோலோ பெவெரெல்லோ துறையிலிருந்து படகில் போய்விடுங்கள்.