திரையா, தூணில் டிவியா? பழைய ஆலயத்துக்கு எது பொருந்தும்

எங்கள் ஆலயத்தில் பாட்டு வரிகளைக் காட்டப் புரொஜெக்டரும் திரையும் போடலாமா, தூண்களில் டிவி மாட்டலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது பாதிப் பேர் திரைப் பக்கம். கடைசியில் டிவிதான் மாட்டினோம். நான் முதலிலிருந்தே டிவி கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

விலையில் திரைதான் மலிவு, அதில் பேச ஒன்றுமில்லை. லாம்ப் அடிக்கடி போகும் என்ற பயமும் ஆலயத்துக்குப் பொருந்தாது. சாதாரண லாம்ப் 3,000 மணி நேரம் வரும் என்று வைத்தாலும், வாரம் 3 மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு 156 மணி நேரம்தான். 20,000 மணி நேரம் வரும் லேசர் புரொஜெக்டர் என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம். நமக்கு அது தேவையே இல்லை. லாம்ப் போவதற்கு முன் புரொஜெக்டரைக் கெடுப்பது தூசி. உயரத்தில் மாட்டிய பெட்டியின் ஃபில்டரை ஏணி போட்டு ஏறித் துடைக்க ஆள் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது வெளிச்சம். எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன்கள் நம் பக்கம் கட்டிய பழைய ஆலயங்கள் பலவற்றில் பீடம் கிழக்கே இருக்கும். எங்களுடையதும் அப்படித்தான், பீடத்துக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி ஜன்னல். காலை ஆராதனையில் வெயில் அதன் வழியே சபையார் முகத்துக்கு நேராக வரும். திரை தொங்கவிட எல்லோரும் கை காட்டுவது பீடத்துக்கு முன்னாலுள்ள வளைவை. ஆலயத்திலேயே அதிகம் கண் கூசுகிற இடம் அதுதான்.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். 120 அங்குலத் திரை ஏறக்குறைய 4 சதுர மீட்டர். 4,000 லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டர் அதில் 1,000 லக்ஸ் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை லூமென்) வெளிச்சம் தரும், அதுவும் லாம்ப் புதிதாக இருக்கும்போது. பக்க ஜன்னல்களிலிருந்து 400 லக்ஸ் வந்து திரையில் விழுந்தால், வெள்ளை என்பது 1,400, கறுப்பு என்பது 400. மூன்றரை மடங்குதான் வித்தியாசம். எழுத்தைச் சிரமமில்லாமல் வாசிக்க 7 மடங்காவது வேண்டும் என்பார்கள். புரொஜெக்டரால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும். வெள்ளைத் துணியில் ஏற்கெனவே விழுந்த வெயிலைக் கறுப்பாக்க முடியாது. லாம்ப் வயதாகிப் பாதி வெளிச்சத்துக்கு இறங்கும்போது என்ன தெரியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலை மறைத்துவிடலாமே என்றார்கள். மே மாதத்தில் பக்க ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு ஆராதனை நடத்துகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். முன்னோர் போட்டுவைத்த வண்ணக் கண்ணாடியைப் பாட்டு வரிக்காகப் படுதா போட்டு மூடுவதும் எனக்கு ஒப்பவில்லை.

ராத்திரி ஆராதனைக்கு இந்தக் கணக்கு செல்லாது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் திரைதான் அழகு, டிவி அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஞாயிறுகள் காலையில்தானே வருகின்றன.

திரைக்கு இன்னும் இரண்டு தொல்லைகள். நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள் புரொஜெக்டர் ஒளிக்குக் குறுக்கே வந்தால் றெக்கையின் நிழல் பாட்டு முழுக்கத் திரையில் சுற்றும். பக்கச் சிறகில் உட்காருகிறவர்களுக்கோ நடுத்திரையைத் தூண் மறைத்துவிடும்.

டிவிக்கு அந்தத் தூணே இடம். பக்க ஜன்னல் வெளிச்சம் நேரே விழாதபடி திருப்பி வைத்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். குறை என்னவென்றால் அளவு. 65 அங்குல டிவியின் உயரம் இரண்டே முக்கால் அடிகூட இல்லை. ஒரு அங்குல எழுத்தைப் பத்தடியிலிருந்து வசதியாக வாசிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நான்கு வரி போட்டால் மூன்று அங்குல எழுத்து, முப்பதடி தூரம். அதனால் முன்னால் ஒரு ஜோடி, நடுவில் ஒரு ஜோடி என்று நான்கு வாங்க வேண்டியதாயிற்று. மலிவு என்று சொன்ன திரைக்காரர்கள் இந்த இடத்தில் சரியாகவே சொன்னார்கள்.

தூணில் துளை போடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து போல்ட்டைப் பிடிக்காது, உதிரும். தூணைச் சுற்றி ரப்பர் வைத்து இரும்புப் பட்டை போட்டு, அதில் ஸ்டாண்டை மாட்டினோம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். நீளமான ஹெச்டிஎம்ஐ கேபிளை நம்பாமல் கேட்-6 நெட்வொர்க் கேபிளும், அதன் வழியே படத்தைத் தூரத்துக்கு அனுப்பும் எக்ஸ்டெண்டரும் போடுங்கள். டிவிகள் எத்தனை வருஷம் உழைக்கும் என்று இப்போதே சான்று தர என்னால் முடியாது, மாட்டி அவ்வளவு காலம் ஆகவில்லை.

எல்இடி வால், அதாவது சுவர் போன்ற பெரிய எல்இடி பலகை, வெயிலை ஜெயிக்கும். ஆனால் அதை நாங்கள் விலை கேட்டதோடு சரி. பீடத்துக்கு அருகே அவ்வளவு பெரிய ஒளிப்பலகை எரிந்தால் சிலுவையை யார் பார்ப்பார்கள் என்று குருவானவர் கேட்டார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

எதை வாங்கினாலும் ஸ்லைடுகளை யூனிகோடில் தயார் செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது அடுத்த கம்ப்யூட்டரில் கிறுக்கலாக வரும். கீர்த்தனைகளில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியைத் தனி ஸ்லைடாகத் திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாடகர் குழு பல்லவிக்குத் திரும்பிய பிறகும் டிவியில் மூன்றாம் சரணமே நின்றுகொண்டிருக்கும்.