சீல் உடைக்காத 1901 பெட்டி என்று யாராவது விற்றால் கொஞ்சம் பொறுங்கள்

பழைய ஷாட்கன் தோட்டாக்களைச் சேர்க்கும் பித்து எனக்கு எட்டு வருடமாக உண்டு. எட்டு வருட அனுபவத்துக்குப் பிறகு ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை ஏமாற்றி விற்ற ஆள் அதே மாதிரிப் பெட்டிகளை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் கண்டுகொள்ள அதுவே போதும்.

"வின்செஸ்டர் ரிப்பீட்டர், 12 கேஜ், 25 தோட்டா, 1901-ஆம் வருடத்துச் சரக்கு, சீல் உடைக்காதது." விளம்பரம் இவ்வளவுதான். வின்செஸ்டர் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி, ரிப்பீட்டர் அதன் தோட்டா வகை ஒன்றின் பெயர், 12 கேஜ் என்பது துப்பாக்கிக் குழலின் அளவு. பெட்டியின் படத்தோடு, "இதே வீட்டிலிருந்து கிடைத்த உதிரி" என்று தனியாக ஒரு தோட்டாவின் பித்தளை அடியையும் படம் போட்டிருந்தார். அந்த அடியில் நம்பர் 12, ரிப்பீட்டர் என்ற பெயர், கூடவே 1901 என்று தெளிவான பொறிப்பு. வருடத்தை உலோகத்திலேயே அடித்து வைத்திருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் சறுக்கல் அங்கேதான். அந்த 1901 தயாரித்த வருடம் இல்லை. வின்செஸ்டர் கம்பெனி அந்த வருடம் தன் பேப்பர் தோட்டாக்களின் வடிவமைப்பை மாற்றியது. பழையதிலிருந்து புதியதைப் பிரித்துக் காட்ட லீடர், ரிப்பீட்டர், ரைவல் என்ற பெயர்களோடு 1901 என்பதையும் சேர்த்துப் பொறித்தது. அதன்பின் பல வருடம் அந்த முத்திரையிலேயே தோட்டாக்கள் வெளிவந்தன. இதே கம்பெனியின் மாடல் 1897 பம்ப் துப்பாக்கியை 1957 வரைக்கும் செய்தார்கள். 97 என்று எழுதியிருப்பதால் அந்தத் துப்பாக்கி 1897-இல் பிறந்தது என்று யாரும் சொல்வதில்லை. தோட்டா என்றால் மட்டும் எனக்கு அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

அடி முத்திரையை ஹெட்ஸ்டாம்ப் என்பார்கள். அதை எப்படிப் படிப்பது என்பதை நான் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்தேன். ஒரு குறி 'இந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது' என்று சொல்லும், அவ்வளவுதான். 'இந்த வருடம்தான்' என்று அது பெரும்பாலும் சொல்லாது. கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்டில் 1867-இல் தொடங்கிய யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். யு.எம்.சி. என்று மட்டும் இருந்தால் பழசு. 1910களின் தொடக்கத்தில் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியோடு ஒன்றான பிறகு ரெம்-யு.எம்.சி. என்று ஆனது. ஆனால் அந்த இணைந்த முத்திரை பல பத்தாண்டுகள் ஓடியது. உங்கள் கையில் இருப்பது முதல் உலகப் போர்க் காலத்துத் தோட்டாவா, உங்கள் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்துத் தோட்டாவா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பீட்டர்ஸ் என்ற தோட்டாக் கம்பெனியும் அப்படித்தான். ஒஹையோவின் கிங்ஸ் மில்ஸில் இருந்த அந்தக் கம்பெனியை ரெமிங்டன் 1934-இல் வாங்கியது, பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. இங்கிலாந்துப் பக்கம் போனால், ஈலி-கைனாக் என்ற பெயருள்ள தோட்டாப் பெட்டியில் ஐ.சி.ஐ. என்ற எழுத்து இருந்தால் அது 1926-க்கு முன்னால் இருக்க வழியில்லை, ஏனென்றால் ஐ.சி.ஐ. என்ற கம்பெனியே அந்த வருடம்தான் உருவானது.

சரி, கதைக்கு வருகிறேன். சேகரிப்பாளர்கள் கூடும் ஓரிடத்தில் நேரில் போய்த்தான் வாங்கினேன். நிரம்பிய தோட்டாவை வைத்திருப்பதற்கும் அனுப்புவதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு, அந்த விஷயத்தில் நான் எப்போதும் கவனம். மற்ற கவனம் எல்லாம் எங்கே போனதோ!

"உள்ளே ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"சீலைப் பிரித்தால் மதிப்பே போய்விடும் சார். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். சீல் மட்டும் அப்படியே இருக்க வேண்டும்."

எனக்கு அது நியாயமாகத் தோன்றியது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பிரித்தால்தான் மோசடி தெரியும், பிரித்தால் பணம் திரும்பாது. பூட்டும் சாவியும் அவர் கையில்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, இந்தத் துறையில் என்னைவிட இருபது வருடம் மூத்த நண்பரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் சீலைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் கம்பெனி பெயருக்குக் கீழே ஒட்டியிருந்த மஞ்சள் ஏறிய விலைச்சீட்டில் விரலை வைத்தார். "தம்பி, இந்த இடத்தில் போய் ஏன் ஒட்டினார்கள்?" என்றார். பழைய கடைக்காரர் ஒட்டியது என்று நினைத்து நான் அதை ரசித்துக்கூட இருந்தேன்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச்சை அடித்தார். பெட்டி மங்கலாகவே கிடந்தது. சீல் காகிதம் மட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம்தான் அப்படி ஒளிரும். அது காகிதத்தில் பரவலானது சுமார் 1950-க்குப் பிறகு. ஒளிராத காகிதம் எல்லாம் பழசு என்று அர்த்தமில்லை, ஆனால் ஒளிர்கிற காகிதம் 1901 இல்லை.

அதன்பின் சீட்டை ஈரப்பஞ்சால் நனைத்து மெதுவாகத் தூக்கினோம். அடியில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி: டிவிஷன் ஆஃப் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி. வெஸ்டர்ன் என்பது ஃபிராங்க்ளின் ஓலின் இல்லினாய் மாநிலம் ஈஸ்ட் ஆல்டனில் தொடங்கிய கம்பெனி. கடனில் மூழ்கிய வின்செஸ்டரை அது வாங்கியது 1931 டிசம்பரில். இரண்டும் ஓலின் இண்டஸ்ட்ரீஸ் என்று ஒன்றானது 1944-இல். ஆக, அந்த அட்டைப்பெட்டி 1931-இன் இறுதிக்கு முன்னால் இருக்க வழியில்லை. குறைந்தது முப்பது வருடத்தை ஒரு விலைச்சீட்டு மறைத்திருக்கிறது.

இனி சீலைக் காப்பாற்றி என்ன பயன்? பிரித்தோம். மேல் வரிசையில் ஐந்து தோட்டாக்கள், அருமையான 1901 ரிப்பீட்டர்கள். அவை நிஜமானவைதான், அதில் சந்தேகமில்லை. அவற்றுக்குக் கீழே கலவைச் சாதம். சில ரெம்-யு.எம்.சி., சில ரேஞ்சர் என்ற வேறு பெயர் கொண்டவை, நான்கில் வாய் நட்சத்திரம் போல உள்நோக்கி மடிந்திருந்தது.

அந்த வாய் மடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய சிறந்த சாட்சி அதுதான். பழைய பேப்பர் தோட்டாவில் ஈய ரவைக்கு மேல் ஒரு வட்ட அட்டை வைத்து, குழலின் விளிம்பை அதன்மேல் உருட்டி மடித்திருப்பார்கள். அந்த வட்டத்தில் ரவை எண், வெடிமருந்தின் அளவு, சில சமயம் அந்த மருந்தின் பெயர்கூட அச்சாகியிருக்கும். அதைப் படிப்பதே எங்களுக்குப் பாதி சந்தோஷம். ஆனால் சுடும்போது அந்த அட்டை ரவைக் கூட்டத்துக்குக் குறுக்கே வந்து, ரவை சீராகப் பரவாமல் நடுவில் ஓட்டை விழுகிறது என்று வேட்டைக்காரர்கள் வெகுநாளாகக் குறைபட்டார்கள். அதனால்தான் அட்டையே தேவையில்லாத நட்சத்திர மடிப்பு வந்தது, 1940களில் அமெரிக்கத் தோட்டாக்களில் பரவியது. 1901 பெட்டிக்குள் அது இருப்பது, தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் யாரோ கையில் செல்போன் வைத்திருப்பது மாதிரி.

காந்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பித்தளை முலாம் பூசிய எஃகு அடி என்றால் காந்தம் ஒட்டும், எனவே புதுசு என்பது அவர்கள் கணக்கு. அதை நம்பி நல்ல பழைய தோட்டாவைத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே சிலவற்றின் உட்புறம் எஃகு வைத்து வலுவூட்டினார்கள், பீட்டர்ஸ் அதைப் பெருமையாக விளம்பரமே செய்தது.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "சீல் உடைந்திருக்கிறதே" என்று ஒரு வரிப் பதில். விடாமல் கேட்டேன். "பெட்டி பழசு, தோட்டாவும் பழசு. இதில் எது பொய்?" என்றார். யோசித்துப் பார்த்தால் தனித்தனியாக எதுவுமே பொய் இல்லை. சேர்த்து வைத்ததில்தான் பொய். அதற்குப் பிறகு அவரிடமிருந்து பதில் இல்லை.

இப்போது வாங்குவதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கத்துக்கும் படம் கேட்கிறேன். பொடி எழுத்துகளை முதலில் படிக்கிறேன். முகவரியில் ஜிப் கோடு என்ற அமெரிக்க ஐந்திலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963-க்குப் பிந்தையது. பார்கோடு இருந்தால் 1970களுக்கு முன்னால் இல்லை. க்ளீன்போர் (குழலைத் துருப்பிடிக்க வைக்காத பற்றவைப்புக்கு ரெமிங்டன் வைத்த பெயர்) என்ற சொல் இருந்தால் 1920களின் பிற்பாதி அல்லது அதற்கும் பிறகு. ஹெர்குலிஸ் வெடிமருந்து என்றிருந்தால் 1912-க்குப் பிறகு, டூபாண்ட் என்ற வெடிமருந்துக் கம்பெனியை நீதிமன்றம் பிரிக்கச் சொன்னதில் பிறந்த பெயர் அது. குழல் பிளாஸ்டிக் என்றால் பேச்சே வேண்டாம், ரெமிங்டன் அதைக் கொண்டுவந்தது 1960-இல். காப்புரிமை என்று போட்டிருக்கும் வருடத்தை மட்டும் நான் சீந்துவதில்லை, 1901-இன் தம்பி அது. எல்லாக் குறிகளிலும் ஆகப் பிந்தியது எதுவோ, பெட்டியின் வயது அங்கிருந்துதான் தொடங்கும். திறந்து காட்ட மாட்டேன் என்றால், காலிப் பெட்டிக்கு என்ன கொடுப்பேனோ அதைத்தான் சொல்வேன்.

ஏமாந்த கதையைக் கேட்ட ஒருவர் "சுட்டுத் தீர்த்துவிடு" என்றார். தயவுசெய்து வேண்டாம். ஈரம் ஏறி ஊதிய பேப்பரும் வயதான மருந்தும் என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், பொறிப்பு தேய்ந்தால் படிக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த ஐந்து ரிப்பீட்டர்களையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அவை செய்த குற்றம் எதுவும் இல்லை.

போன வாரம் அவர் புதிதாக ஒரு பெட்டியைப் படம் போட்டிருந்தார். இந்தத் தடவை லீடர், சீல் உடைக்காதது. பக்கவாட்டில், கம்பெனி பெயருக்குக் கீழே, மஞ்சள் ஏறிய ஒரு விலைச்சீட்டு.