பங்கு வீடா, மண்டபமா, கோயிலா? செட்டிநாட்டில் கையைக் கடிக்காத கல்யாணம்

தங்கச்சி கல்யாணத்துக்கு எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. ஊரில் பூட்டிக் கிடக்கும் பங்கு வீடு (பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பூர்வீக வீடு), காரைக்குடியில் ஒரு மண்டபம், இரண்டும் சரிப்படாவிட்டால் கோயிலில் திருப்பூட்டி (தாலி கட்டி) முடித்துவிட்டுப் பக்கத்திலேயே சாப்பாடு. நோட்டுப் போட்டு மூன்றுக்கும் கணக்குப் பார்த்து, கடைசியில் பங்கு வீட்டிலேயே நடத்தினோம்.

மண்டபத்துக்கு வாடகையை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். பெரிய மண்டபம் என்றால் வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, கரண்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி, அப்புறம் சில இடங்களில் அவர்கள் கைகாட்டும் டெக்கரேஷன்காரரைத்தான் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை. எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மையான தொகை தெரியும். வளர்பிறை முகூர்த்தத்தில் ஒரு பேச்சு, தேய்பிறை முகூர்த்தத்தில் ஒரு பேச்சு. தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இங்கேயே நல்ல தொகை மிஞ்சும். மண்டபத்தின் பெரிய பலம் கழிவறை, தண்ணீர், வண்டி நிறுத்த இடம். மழை பெய்தாலும் கவலை இல்லை. ஆனால் வெறும் மண்டபம் வெறும் சுவர்தான். அதை அழகாக்க நீங்கள் கொட்டும் பணம் மறுநாள் காலை குப்பை வண்டியில் போகும்.

பங்கு வீட்டில் அந்த அழகுக்குத் தனியாகச் செலவே இல்லை. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு என்று இந்த வீடுகளை நீளவாக்கில் கட்டியது கல்யாணம் போன்ற காரியங்களையும் மனதில் வைத்துத்தான். முகப்பில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைக்கலாம், வளவில் சடங்கு, உள்கட்டில் பந்தி. பர்மா தேக்குத் தூணுக்கு எந்த அலங்காரம் வேண்டும்? வாழை மரம், மாவிலைத் தோரணம், நடுவீட்டுக் கோலம் போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்தோம். பத்து வருடத் தூசிக்கு அடியிலிருந்து சிவப்பும் பச்சையும் தெளிந்து வந்ததைப் பார்த்து அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. (முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்.) அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் சாமான் அறையிலேயே கிடந்ததால் பாத்திர வாடகையும் பாதியாகக் குறைந்தது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் என்றால் போனில் பேசி முடிக்கவே ஒரு மாதம் பிடிக்கும். கழிவறை போதாது. நாங்கள் இரண்டு தற்காலிகக் கழிவறை வாடகைக்கு எடுத்தோம், அந்தச் செலவைத் தவிர்க்கவே முடியாது. பழைய வயரிங்கில் கிரைண்டரும் சீரியல் விளக்கும் ஒன்றாக ஓடாது, ஜெனரேட்டர் கட்டாயம். வளவு வாசல் திறந்த வெளி என்பதால் மேலே கீற்றோ தார்ப்பாயோ போட்டாக வேண்டும்.

கோயில் மூன்றிலும் சிக்கனம். பிள்ளையார்பட்டி, நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது கோயில்களில் ஒன்று என்பதால் எங்கள் வீட்டில் பலருக்கு அதுவே முதல் விருப்பம். குன்றக்குடி முருகன் கோயிலில் மேலே போகப் படி ஏற வேண்டும், மூட்டுவலிக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் கல்யாணம் என்று சொன்னால் அழைக்கவில்லை என்று யாரும் அதிகம் கோவித்துக்கொள்வதில்லை, இது பெரிய நிம்மதி. ஆனால் முகூர்த்த நாளில் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும், நின்று நிதானமாகச் சடங்கு செய்ய நேரம் கிடைக்காது. வயதுச் சான்று, முதல் திருமணச் சான்று எல்லாம் முன்பே கேட்பார்கள். எங்கே நடத்தினாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி அது கட்டாயம்.

என் முடிவு இதுதான்: பங்காளிகள் ஒத்துவந்து, அழைப்பு முந்நூறு பேருக்குள் இருந்தால் வீடு. வீடு அமையாவிட்டால் கோயில். அறுநூறு, எழுநூறு பேரை அழைத்தே தீர வேண்டும் என்றால்தான் மண்டபம்.

உண்மையில் கல்யாணச் செலவு ஏறுவதும் இறங்குவதும் இலையில்தான். இலைக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் விட்டால் தலைவலி இல்லை, ஆனால் நானூறு இலை என்று ஒப்புக்கொண்டு முந்நூறு பேர் வந்தாலும் நானூறுக்குத்தான் பணம். சமையல் மாஸ்டரிடம் லிஸ்ட் வாங்கி நாமே சாமான் போட்டுக் கொடுத்தால் செலவு நன்றாகவே குறையும், மிஞ்சிய அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வரும். ஒரே நிபந்தனை, கணக்கும் பொறுமையும் உள்ள ஒரு ஆள் சமையல்கட்டில் நிற்க வேண்டும். எங்களுக்குச் சித்தப்பா நின்றார். ஐட்டத்தைக் குறையுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். காலைப் பலகாரத்தில் ஏழெட்டு வகையை வெட்டிவிட்டு வெள்ளைப் பணியாரத்துக்குத் தனி அடுப்பு போட்டோம். ஒரு கரண்டி மாவு, எண்ணெயில் விழுந்து உப்பி எழும்பி ஓரம் மட்டும் லேசாகச் சிவக்கும்போது எடுத்து, மிளகாய்த் துவையலோடு அப்படியே இலைக்கு. ஊருக்குப் போனவர்கள் இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சேலையில் முகூர்த்தத்துக்கு மட்டும் காஞ்சிப் பட்டு. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக் காரைக்குடிக் கண்டாங்கி எடுத்தோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, உடுத்தவும் சுகம், விலையும் தாங்கும். தாம்பூலத்துக்கு அச்சடித்த பைக்குப் பதில் ஓலைக் கொட்டான், அதாவது பனை ஓலையில் பின்னிய சின்னக் கூடை. இது பையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் மனமார எடுத்தோம், யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. பூவுக்கு மாதம் முக்கியம்: தை மாதக் குளிரில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எங்கேயோ போகும், வைகாசியில் கொட்டிக் கிடக்கும்.

கடைசியாக ஒரு செலவு, பலரும் மறப்பது. பங்கு வீட்டில் நடத்தினால், முடிந்த பிறகு கழுவித் துடைத்துச் சாவியை ஒப்படைக்கிற கூலியையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். எங்களுக்கு அதற்கே ஆறு ஆள், இரண்டு நாள் ஆனது.