டேங்க் பேட்ஜ் வாங்கும்போது 'எக்ஸ்சேஞ்ச்' கேட்டால் கொடுக்காதீர்கள்

பழைய பைக்கை ரெஸ்டோர் செய்துகொண்டிருப்பவர்கள் கவனத்துக்கு. "ஃபேக்டரி பாக்கெட்டே பிரிக்காத ஒரிஜினல்" என்று டேங்க் பேட்ஜ் (பெட்ரோல் டேங்கின் இரு பக்கமும் மாட்டும் பெயர்ச் சின்னம்) விற்கும் ஒருவர், பதிலுக்கு உங்கள் பழைய பேட்ஜை முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். என் பேட்ஜ் ஜோடி அப்படித்தான் கைவிட்டுப் போனது. பதிலுக்கு வந்தது டூப்ளிகேட். போனதோ, தேடினாலும் எளிதில் கிடைக்காத சாமான்.

வண்டி 1967 மாடல் ட்ரையம்ஃப் போன்வில், 650 சிசி. இதன் பேட்ஜ் விவகாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1957-லிருந்து 1965 வரை ட்ரையம்ஃப் வண்டிகளில் வந்தது கம்பி வலைபோன்ற முகப்புள்ள 'மவுத் ஆர்கன்' பேட்ஜ். 1966, 67, 68 ஆகிய மூன்று சீசனுக்கு மட்டும் 'ஐப்ரோ' பேட்ஜ். பெயருக்கு மேலே புருவம்போல ஒரு குரோம் வளைவு ஓடும். 1969 மாடலில் அதையும் எடுத்துவிட்டு 'பிக்சர் ஃபிரேம்' பேட்ஜ் போட்டார்கள். இடதும் வலதும் வேறு வேறு வார்ப்பு, மாற்றிப் போட முடியாது. இவற்றைத் தயாரித்த ட்ரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலை 1983-லேயே மூடப்பட்டுவிட்டது. மூன்றே சீசன் வந்த பேட்ஜ், அதில் துளியும் துருவேறாத ஜோடி என்றால் எவ்வளவு அரிது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பதிவுச் சான்றில் இருக்கும் ஆண்டை நம்பி எந்த பேட்ஜ் என்று முடிவுசெய்யாதீர்கள். ட்ரையம்ஃப் நிறுவனத்தின் மாடல் ஆண்டு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடும். 'டியூ' (DU) என்ற எழுத்துகளோடு தொடங்கும் இன்ஜின் நம்பரைப் பாருங்கள்: 1967 மாடல் டியூ 44394-லிருந்து, 1968 மாடல் டியூ 66246-லிருந்து. 1969 மாடல் டியூ 85904-இல் தொடங்குகிறது. பேட்ஜ் மாறுவதும் அங்கேதான். 1968 கடைசியில் கட்டிய வண்டிக்கு ஐப்ரோ தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வேண்டியது பிக்சர் ஃபிரேம்.

என் பழைய ஜோடி பார்வைக்கு அழகாக இருக்காது. உள்ளே இருப்பது துத்தநாகக் கலவை வார்ப்பு. மேலே உள்ள குரோமில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் போதும், ஈரம் இறங்கி, அடியில் துத்தநாகம் பொரிந்து, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். எஃகு சாமான்போல அமிலத்தில் முக்கிச் சுத்தம்செய்யவும் வழியில்லை, அமிலம் வார்ப்பையே தின்றுவிடும். ஒவ்வொரு குழியையும் சுரண்டி, செம்பு ஏற்றி, தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் நிக்கல், அதன்மேல் குரோம். இதைப் பொறுமையாகச் செய்து கொடுப்பவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் பயன்படுத்தாத பழைய ஸ்டாக் எங்காவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன்.

பழைய பிரிட்டிஷ் வண்டிச் சாமான்கள் மட்டுமே கையாளுவதாகச் சொன்ன ஒருவர் அகப்பட்டார். பேச்சில் குறையே சொல்ல முடியாது. வருஷம், மாடல், நிறம் எல்லாம் நுனிநாக்கில் இருந்தது. மெழுகுத்தாள் சுற்றிய பேட்ஜ், மேலே பழுப்பேறிய லேபிள், லேபிளில் 'எஃப்' என்று தொடங்கும் பாகம் எண், எல்லாவற்றுக்கும் படம் அனுப்பினார். பிறகு மெதுவாக நிபந்தனை வந்தது. "எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் நான் கொடுப்பதில்லை சார். உங்கள் பழசை முதலில் அனுப்புங்கள். ஒத்துப் பார்த்துத்தான் சரியான லெஃப்ட், ரைட் எடுத்துத் தர முடியும்."

லெஃப்ட், ரைட் எடுக்க என் பழசு அவருக்கு எதற்கு? பாகப் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனி எண்ணே இருக்கிறது. இதைக் கேட்டேன். "வேறொருவர் பணத்தோடு காத்திருக்கிறார், நீங்கள் சொல்லுங்கள்" என்றார். பழசும் போனது, பணமும் நேராக வங்கிக் கணக்குக்குப் போனது.

பாக்கெட் வந்தது. கையில் எடுத்ததுமே எடை இடித்தது. துத்தநாகக் கலவையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 6.6 கிராம் அளவில் இருக்கும், அலுமினியம் 2.7 தான். வந்தது அலுமினியம். டேங்கில் வைத்துப் பார்த்தேன். முன்பக்கத் துளையைச் சேர்த்தால் பின்பக்கத் துளை கிட்டத்தட்ட இரண்டு மி.மீ. தள்ளி நின்றது. காரணம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. ஒரு ஒரிஜினல் பேட்ஜையே மாதிரியாக வைத்து மண்ணில் அச்செடுத்து அலுமினியம் ஊற்றினால், ஆறும்போது உலோகம் நூற்றுக்குச் சுமார் 1.3 பங்கு சுருங்கும். 150 மி.மீ. நீளத்தில் அது கிட்டத்தட்ட 2 மி.மீ. மாதிரியைப் பெரிதாக்கிச் செய்யாமல், இருந்ததை அப்படியே அமுக்கி எடுத்தவர்களின் சரக்கு இது.

எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருந்தது. ஒரிஜினலில் ஒவ்வொரு எழுத்தும் நகத்தில் தட்டுப்படும். இதில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

எனக்குத் துளியும் சந்தேகமில்லாமல் ஆனது வேறொன்றைப் பார்த்த பிறகுதான். இடது பேட்ஜில் திருகுத் துளைக்குப் பக்கத்தில் ஒரு கீறல், ஸ்க்ரூடிரைவர் நழுவினால் விழுமே, அந்த மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கீறலுக்கு உள்ளேயும் குரோம் பளபளக்கிறது! அதாவது பூச்சு போடுவதற்கு முன்பே கீறல் இருந்திருக்கிறது. யாரோ எப்போதோ தன் வண்டியில் கழற்றி மாட்டிய பேட்ஜின் காயம் அச்சோடு சேர்ந்து நகலுக்கு வந்திருக்கிறது. திருகே தொடாத புத்தம்புது பேட்ஜில் ஸ்க்ரூடிரைவர் கீறல் எப்படி வரும்?

அதே லென்ஸில் லேபிளையும் பார்த்தேன். கறுப்பு எழுத்து என்று நினைத்தது நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகப் பிரிந்தது. அறுபதுகளில் ஒற்றை மையில் அச்சடித்த லேபிளில் கலர் பிரிண்டரின் புள்ளிகள் இருக்க வாய்ப்பே இல்லை.

படங்களோடு அவருக்கு எழுதினேன். "ஃபேக்டரியிலேயே அப்படித்தான் செய்தார்கள் சார்" என்று வாய் கூசாமல் பதில் வந்தது. துளை சேரவில்லை என்றேன். டேங்க் ஒரிஜினலாக இருக்காது என்றார். சரி, பணம்கூட வேண்டாம், என் பழைய ஜோடியை மட்டும் திருப்பி அனுப்புங்கள் என்றேன். அது "ஸ்கிராப்பில் போய்விட்டது" என்றார். அதன்பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. அந்த ஜோடி ஸ்கிராப்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. அடுத்த அச்சுக்கு அதுதான் மாதிரி என்பது என் எண்ணம். எக்ஸ்சேஞ்ச் என்று அவ்வளவு பிடிவாதமாகக் கேட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏமாற்று வேலை பேட்ஜ், முழங்கால் ரப்பர் (டேங்கின் பக்கவாட்டில் முழங்கால் படும் இடத்து ரப்பர்), அலங்காரப் பட்டை போன்றவற்றிலேயே அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. லூகாஸ் மின்சாமான்களில் தயாரித்த மாதமும் வருஷமும் முத்திரையாக இருக்கும். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் முகப்பில் குறியீடு அச்சாகியிருக்கும். இன்ஜினுக்கு நம்பர் இருக்கிறது. பேட்ஜில் இப்படித் தேதி எதுவும் கிடையாது. பாகம் எண்ணைக் காட்டினால் அதையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 'எஃப்' எண்களே பின்னாளில் '82' என்று தொடங்கும் எண்களாக மாறின. நகல் செய்பவர்களும் அதே எண்களைத்தான் போடுகிறார்கள். எண் சொல்வது எந்த வண்டியின் எந்த இடத்துக்கு என்பதை மட்டும்தான்.

நகல் பாகங்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. "இது புதிதாகச் செய்த நகல்" என்று சொல்லி, சுருக்கத்தைக் கணக்கிட்டுச் செய்து, அளவு சுத்தமாக விற்பவர்களின் உழைப்பால்தான் பல வண்டிகள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. நகலை ஒரிஜினல் என்று தலையில் கட்டுவதும், கூடவே ஒரிஜினலைப் பிடுங்கிக்கொள்வதும்தான் அநியாயம்.

யாரிடம் வாங்கினாலும் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டை காஸ்டிங் முறையில் (உருகிய உலோகத்தை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது) வந்த வார்ப்பின் பின்புறத்தில் பொதுவாக வட்டமான சிறு தடங்கள் தெரியும், அச்சிலிருந்து வெளியே தள்ளிய ஊசிகளின் தடம் அது. மண் அச்சில் ஊற்றியது சொரசொரவென்று இருக்கும், அல்லது அதை மறைக்கத் தேய்த்திருப்பார்கள். தராசில் வைத்து ஒரு படம் கேளுங்கள். துளைக்குத் துளை எத்தனை மி.மீ. என்று அவரையே அளந்து சொல்லச் சொல்லுங்கள். உங்கள் டேங்கின் அளவை முதலில் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். ரப்பர் சாமானை 'பழைய ஸ்டாக்' என்றால் வாங்கவே வேண்டாம். உண்மையிலேயே பழசாக இருந்தால் இறுகி வெடித்திருக்கும், நெகிழ்வாக இருந்தால் பழசாக இருக்காது.

என் ஜோடியின் அடையாளம் சொல்கிறேன். இடது பேட்ஜின் பின்பக்கத்தில் ஆணியால் கீறிய சிறிய கூட்டல் குறி இருக்கும், எனக்கு முன்பு வண்டி வைத்திருந்தவர் போட்டது. வலது பேட்ஜில் கடைசி எழுத்துக்குக் கீழே கடுகளவு கொப்புளங்கள் மூன்று, வரிசையாக. பின்முனையில் லேசான நெளிவு. யாராவது உங்களிடம் இதை விற்க வந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், இன்னொரு முறை பணம் கொடுத்தாவது வாங்கிக்கொள்கிறேன். புத்தம்புது குரோமோடு, ஆனால் அந்த மூன்று கொப்புளங்களும் அதே இடத்தில் மேடாகத் தெரிகிற பேட்ஜை யாராவது 'ஒரிஜினல்' என்று காட்டினாலும் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்த நகல் என்று எனக்குத் தெரியும்.