நீண்ட நேரப் புகையடுப்புக்குக் கட்டைக்கரியும் கொட்டாங்கச்சி பிரிக்கெட்டும்: வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

வேலூர்ப் பகுதியில் கரி வாங்குவோர் பெரும்பாலும் இஸ்திரி வண்டிக்காரர்களும், டீக்கடையில் பாய்லர் வைத்திருப்பவர்களும், பிரியாணி தேக்சாவின் மூடி மேல் தணல் பரப்பித் தம் போடுபவர்களுமே. இவர்கள் எவருக்கும் ஒருமுறை போட்ட கரி எட்டு, பத்து மணி நேரம் ஒரே சூட்டில் நின்று எரிய வேண்டிய கட்டாயம் இல்லை. குறையக் குறைய ஒரு கை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். மூடிய பீப்பாய் அடுப்பில் மாட்டு நெஞ்சுக்கறியை மெதுவாகப் புகையில் வேகவைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. மூடியைத் திறந்து கரி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் சூடு வெளியேறுகிறது, புதிய கரி பற்றும்போது எழும் கசப்புப் புகை கறியில் ஏறுகிறது. ஆகவே, நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் இருவகைக் கரிகள் இந்த வேலைக்கு எப்படி உதவுகின்றன என்பதைச் சில மாதங்களாகப் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஒன்று, விறகுத் தொட்டியில் மூட்டையாக விற்கும் கட்டைக்கரி. மற்றது, இணையத்தில் பெட்டியாக வரும் கொட்டாங்கச்சிக் கரி பிரிக்கெட், அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட நேர வேலைக்குத் தனியாக எடுத்துக்கொண்டால் இரண்டுமே அரைகுறைதான். எடையில் இரண்டு பங்கு பிரிக்கெட்டுக்கு ஒரு பங்கு கட்டைக்கரி என்ற அளவில், கலந்து கொட்டாமல் இடம் பார்த்து அடுக்கினால், இரண்டும் சேர்ந்து நல்ல எரிபொருளாகின்றன.

கட்டைக்கரியிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் மூட்டையில் வரும் மரக்கரியில் கணிசமான பங்கு இராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுப்பது. அமெரிக்கர்கள் மெஸ்கீட் என்று பெயரிட்டுப் பெருமையாக விற்கும் கரியும் இதே மரப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அங்கே அது என்ன காரணத்துக்காகப் புகழ் பெற்றதோ, என்ன காரணத்துக்காகத் திட்டு வாங்குகிறதோ, இரண்டும் நம் மூட்டைக்கும் பொருந்துகின்றன: விரைவில் பற்றுகிறது, கடுமையான சூடு தருகிறது, பொறி பறக்கிறது. மண்ணால் மூடிய மூட்டத்திலிருந்து வருவதால் மணலும் சிறு கற்களும் கூடவே வருகின்றன. தரம் மூட்டைக்கு மூட்டை மாறும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும்; உடைத்தால் உடைந்த முகம் கருமையாகப் பளபளக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும் துண்டை உடைத்துப் பார்த்தால் நடுவில் பழுப்பு நிறத்தில் வேகாத கட்டை தெரியும். அந்தத் துண்டு ஒன்று உள்ளே இருந்தாலும் வெள்ளைப் புகை கிளம்பி, கறியில் நாக்கை உறுத்தும் கசப்பு ஏறிவிடும். நான் வாங்கிய மூட்டையில் அத்தகைய துண்டுகள் கையளவே இருந்தன; தூளும் நொறுங்கலும்தான் அடியில் மிகுதி. அதைக் கேட்டபோது தொட்டிக்காரர் தயங்காமல், "அடியில இருக்கிறது பாய்லருக்குப் போவும் சார், உங்களுக்கு வேணும்னா மேலாப்புல பொறுக்கிக்குங்க" என்றார். பொறுக்கி எடுக்க அனுமதிக்கும் கடை என்பதற்காகவே அதற்கு நல்ல மதிப்பெண் தருவேன். கட்டிய மூட்டையைத் திறக்கவே கூடாது என்று சொல்லும் இடங்களும் உண்டு.

இந்தக் கரியை மட்டும் நிரப்பி நீண்ட நேரம் எரித்தால் வரும் சிக்கல் இடைவெளிதான். கை முட்டி அளவுத் துண்டுக்கு அருகில் கோலிக்குண்டு அளவுத் துண்டு கிடக்கும்; ஓரிடத்தில் பெரிய பொந்து, வேறோர் இடத்தில் காற்றுப் புகாத அடைசல். 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் அடுப்பு, நெருப்பு அந்தப் பொந்து வழியாகத் தாவியதும் 150-ஐத் தொடும். காற்றுத் துளையை அடைத்தால் சற்று நேரத்தில் 90-க்கு இறங்கும். ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும் கோழிக்கு இது பொருட்டல்ல. நெஞ்சுக்கறிக்கு 107 முதல் 121 டிகிரி செல்சியசுக்குள் பல மணி நேரம் நிற்க வேண்டும் என்பதால், அடுப்பின் பக்கத்திலேயே காவல் இருக்க நேர்கிறது.

பிரிக்கெட்டின் வலிமை அதன் ஒரே மாதிரியான வடிவம். கொட்டாங்கச்சியைக் கரியாக்கித் தூளாக்கி, மரவள்ளி மாவுப் பசை போன்ற ஒன்றைச் சேர்த்து அழுத்தி உலர்த்துகிறார்கள். எல்லாக் கட்டியும் ஒரே அளவு என்பதால் நெருப்பு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசை பிடித்துச் செல்வதுபோல் நிதானமாக நகர்கிறது. இத்தகைய கரிக்கட்டிக்கு 1897-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. 1920-களில் ஃபோர்டு கார் நிறுவனம் தன் மரக்கழிவைக் கரியாக்கி விற்கத் தொடங்கிய பிறகு அது வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அடுப்பு அடுக்கும் வழிமுறைகள் பெரும்பாலானவை அந்நாட்டுக் கட்டியை எண்ணிக் கணக்கிட்டவை. அதில் மரக்கரித் தூளோடு சுண்ணாம்புக்கல் தூள் போன்றவையும் சேர்வதால் சாம்பல் அதிகம். கொட்டாங்கச்சிக் கட்டி அதைவிட அடர்த்தியானது, நல்ல தரமாக இருந்தால் சாம்பலும் குறைவு. எனவே எண்ணிக்கையை அப்படியே பின்பற்றாமல் எடை பார்த்துப் போடுவதே சரி.

குறைகளும் உள்ளன. பற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். பற்றும்வரை மாவுப் பசை கருகும் வாடை வரும். காற்றுத் துளையை அகலத் திறந்தாலும் சூடு உடனே ஏறாது. சாம்பலாகிய பின்னும் உருக்குலையாமல் நீறு பூத்து நிற்கும் கட்டிகள் உள்ளே வரும் காற்றை மறிக்கின்றன. ஏழாவது மணி நேரத்துக்குப் பிறகு கரிக்கூடையைத் தட்டாவிட்டால் அடுப்பு சோர்ந்துவிடும். பெட்டியில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்தில் லேசாக இருக்க வேண்டும், செம்மண் நிறத்தில் கனமாக விழுந்தால் எடைக்காக மண் சேர்த்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். ஹூக்காவுக்கென்று விற்கும் சிறு கனசதுரக் கட்டிகள் தரமானவையே என்றாலும், விலைக்கும் அளவுக்கும் இந்த வேலைக்கு ஏற்றவையல்ல. எளிதாகப் பற்றுவதற்காக இரசாயனம் தடவிய கட்டிகளைத் தொடவே வேண்டாம்.

இனி அடுக்கும் முறை. என்னிடம் உள்ளது 200 லிட்டர் பீப்பாயில் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கிய அடுப்பு. உள்ளே கம்பிக் கூடை, கீழே காற்றுத் துளைகள், மூடியில் புகை வெளியேறும் துளை. கூடையின் அடியில் கை முட்டி அளவுள்ள கட்டைக்கரித் துண்டுகளை விரல் இடைவெளி விட்டு நெட்டுக்குத்தாக நிறுத்துகிறேன். அவற்றைச் சுற்றியும் மேலேயும் பிரிக்கெட்டைக் கொட்டி, கூடையை இருமுறை குலுக்கினால் கட்டிகள் இடுக்குகளில் இறங்கி அமர்ந்துவிடும். நடுவில் ஒரு குழி. நன்கு காய்ந்த கொய்யாக் கட்டையை மூன்று நான்கு துண்டுகளாக நறுக்கி, குழியைச் சுற்றிப் பாதி புதையும்படி செருகுகிறேன். தனியாகப் பற்றவைத்த பத்துப் பன்னிரண்டு கட்டைக்கரித் துண்டுகளை அந்தக் குழியில் இடுவதோடு வேலை முடிகிறது. பற்றாத கரியின் தலையில் சிறிது தணலை வைத்து, நெருப்பை மேலிருந்து கீழாக மெல்ல இறங்கவிடும் இந்த வழக்கத்தை மினியன் முறை என்பார்கள்.

பற்றவைக்கும் தணல் கட்டைக்கரியாக இருப்பதற்குக் காரணம், கால் மணிக்குள் அது வாடையில்லாமல் செந்தணலாகிவிடுகிறது. மண்ணெண்ணெய் வேண்டியதில்லை, தகரக் குழாய்க்குள் கரியை நிரப்பி அடியில் காகிதமும் இரண்டு கற்பூரமும் போதும். அடியில் நிற்கும் பெரிய துண்டுகள் செய்யும் உதவி பிற்பகலில்தான் தெரியும். கறியின் உள்சூடு 65-க்கும் 75-க்கும் இடையே எங்கோ வந்ததும் ஏறாமல் நின்றுவிடும். மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதே அதற்குக் காரணம். பிரிக்கெட் மட்டும் இருந்தால் இந்த இடத்தில் அடுப்பின் சூட்டை 110-லிருந்து 125-க்கு உயர்த்துவது பெரும் பாடு. அந்த நேரத்தில் நெருப்பு அடிவரிசைக்கு இறங்கியிருப்பதால், காற்றுத் துளையைச் சற்றே திறந்த பத்து நிமிடத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் கட்டைக்கரி உயிர் பெற்று வெப்பமானியின் முள்ளை மேலே தள்ளுகிறது. கட்டிகள் சாம்பலான பின்பும் அவற்றுக்கு நடுவே காற்றுப் பாதையும் மூடாமல் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ கரியில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. உள்சூடு 90-ஐத் தாண்டி 95-ஐ நெருங்கும்போது கம்பியைச் செருகினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். எண்ணைவிட அந்த உணர்வையே நம்பலாம்.

சுவையைப் பற்றிப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். நன்றாகப் பற்றிய கரி அனேகமாகப் புகையே விடுவதில்லை. மணத்தைத் தருவது கொய்யா, புளி போன்ற கட்டையும், தணலில் சொட்டும் கொழுப்புமே. கட்டைக்கரி இயற்கையானது, பிரிக்கெட் செயற்கையானது என்ற வாதத்தில் நாக்குக்கு ஒரு வேலையும் இல்லை. மூடித் துளையிலிருந்து வரும் புகை நீலம் பாய்ந்து மெல்லியதாக இருக்கும்வரை இரண்டில் எதை எரித்தாலும் கறி கெடாது.

வானிலைக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வேலூரின் கத்திரி வெயிலில் பீப்பாயே கை வைக்க முடியாமல் காய்கிறது. மூடியில் பொருத்திய வெப்பமானி வெயில் படும்போது கூட்டிக் காட்டும் என்பதால் கறிக்குப் பக்கத்தில் கம்பி வெப்பமானி வைப்பது நல்லது. அந்த மாதத்தில் கரியும் குறைவாகவே செலவாகிறது. ஆடிக் காற்றில் நேர்மாறாக, காற்று வீசும் பக்கத்துத் துளையை முழுவதும் அடைத்துவிட்டு எதிர்ப்பக்கத் துளையால் மட்டும் அடுப்பை நடத்த வேண்டியிருக்கிறது.

விலையில் பிரிக்கெட், கட்டைக்கரியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆட்டு முன்னங்கால் சப்பைக்கு ஐந்தாறு மணி நேரம் போதும் என்பதால் இரண்டையும் சரிபாதியாக வைத்துச் செலவைக் குறைக்கலாம். கோழிக்குப் பிரிக்கெட் வீண். உள்சூடு 74 டிகிரி வந்ததும் எடுத்துவிடும் பறவைக்குப் பொறுக்கிய கட்டைக்கரியே போதும்.

இரு வகையும் எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடுகின்றன. மழை வந்துவிட்டது என்று அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் தள்ளி ஷட்டரை இறக்குவது உயிருக்கே ஆபத்து. சமையல் முடிந்து அணைந்துவிட்டதாகத் தோன்றும் அடுப்புக்கும் இது பொருந்தும். சாம்பலை மறுநாள்கூட மூடியுள்ள இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும்.

எல்லாத் துளைகளையும் அடைத்து அணைத்த பிறகு மிஞ்சும் கட்டைக்கரியைச் சலித்து மறுமுறை பயன்படுத்தலாம். பாதி எரிந்த பிரிக்கெட் தொட்டால் உதிர்ந்துவிடும் என்பதால் அதில் அந்த மிச்சம் கிடையாது. ஐப்பசி மழைக்கு முன் இரண்டையும் தரையில் படாமல் மூடியிட்ட டிரம்மில் ஏற்றி வைக்க வேண்டும். நனைந்த கட்டைக்கரி இரண்டு நாள் வெயிலில் தேறிவிடும். பசை இளகிய பிரிக்கெட்டைக் கூழாக அள்ளித்தான் கொட்ட வேண்டும். எனக்கு வந்த பெட்டியின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறைகூட இல்லை. எரியும் நேரத்தை அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் விற்பனையாளர் அதையும், என்ன பசை சேர்த்தார் என்ற ஒரு வரியையும் சேர்த்திருந்தால் ஐந்துக்கு நான்குக்குப் பதிலாக நான்கரை கொடுத்திருப்பேன்.