‘சோதித்த ஹெட்’ என்ற சொல்லை நம்பி அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்

தாளில் அச்சிட்டும் தரும் என் எச்பி-97 கால்குலேட்டரில் மாற்றிப் பொருத்தப்பட்டு வந்த தெர்மல் ஹெட் (சூட்டால் அச்சிடும் அச்சுத்தலை), நேற்றிரவு நான்காவது வரியிலேயே எரிந்துபோனது. அதற்கு நான் கொடுத்தது அரை மாதச் சம்பளம்.

1976-இல் வெளிவந்த இக்கருவியின் அச்சுத்தலையில், சூடாகி அச்சிடும் ஏழு புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. என்னுடையதில் எல்லா எழுத்துகளுக்கும் அடிப்புள்ளி வரிசை மட்டும் விழவில்லை. பழைய மின்னணுக் கருவிகளுக்கான இணையச் சந்தை ஒன்றில், பழுதும் பார்ப்பதாகச் சொன்ன விற்பனையாளரை அணுகினேன். அவர் ‘சோதித்த ஹெட்’ என்று சொல்லி, தம்மிடமிருந்த ஹெட்டின் ஒவ்வொரு புள்ளியையும் மல்டிமீட்டரில் அளந்து ஏழு படங்கள் அனுப்பினார். ஏழிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இத்தனை பொறுமையாக அளந்து காட்டுகிறவர் ஏமாற்றமாட்டார் என்று நம்பி, கருவியோடு அரை மாதச் சம்பளத்தையும் முன்பணமாகவே அனுப்பிவிட்டேன்.

கருவி திரும்பி வந்ததும் அச்சிட்டுப் பார்த்தபோது, எழுத்துகளின் அடியில் ஒரு கோடு இடைவெளியே இல்லாமல் ஓடியது. மூன்று வரிகளுக்குப் பின் அந்தக் கோடும் போனது, அடிப்புள்ளி வரிசையும் போனது. பழைய ஹெட்டில் செத்த அதே ஏழாவது புள்ளி! ஹெட்டின் இணைப்பைக் கழற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரத்தை அனுப்பி நிறுத்தும் சுற்றான டிரைவரை அளந்தேன். ஆறு வெளியீடுகள் ஒரேவிதமாக இருக்க, ஏழாவது மட்டும் ஷார்ட் ஆகியிருந்தது. கணநேரமே பாயவேண்டிய மின்சாரம் அந்தப் புள்ளியில் ஓயாமல் பாய்ந்து இரண்டு ஹெட்டுகளையும் தின்றிருக்கிறது. ஏழு படம் எடுத்தவர் டிரைவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கேட்டதற்கு, இக்காலத் தாளைப் போட்டதுதான் காரணம் என்றார். தாள் பொருந்தாவிட்டால் அச்சு மங்கலாகலாம். ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து எரிக்காது. அதைச் சொன்னதும், பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். பிறகு பதிலே இல்லை. சந்தை நிர்வாகமோ, பொருள் விற்பனைக்குத்தான் பணம் திரும்பும், பழுதுபார்ப்பு எங்கள் பொறுப்பன்று என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. ஆக, அரை மாதச் சம்பளம் போனது போனதுதான். கிடைப்பதற்கு அரிய ஒரு ஹெட்டும் வீணானது.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. ஹெட் எரிந்தால் முதலில் டிரைவரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் கருவியிலேயே பல வரிகள் அச்சிடும் காணொளியைக் கேளுங்கள். முன்பணம் அனுப்பாதீர்கள். மற்றதை ஆத்திரம் அடங்கியபின் எழுதுகிறேன்.